‘ஜப்பான் ஸ்டீல்’ டிக்கர் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் டிக்கருக்கு (டிடெக்டர் சத்தம் போட்ட இடத்தில் மண்ணைக் குத்தித் தோண்டும் கத்தி மாதிரியான கைக்கருவி) பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் கடை நடத்தும் ஒருவரிடம் ‘ஜப்பான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று 2,450 ரூபாய் கொடுத்து ஒரு டிக்கர் வாங்கினேன். வந்தது குரோம் பூசிய சாதா இரும்பு. கொஞ்சம் இறுகிய மண்ணைக் கண்டதும் கைப்பிடி ஒரு பக்கம், அலகு ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டது. பணம் இன்னும் வரவில்லை.

கடைப் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அதோடு பக்கத்தின் பெயரை அவரே மாற்றிவிட்டார். அதனால் பொருளின் அடையாளத்தைச் சொல்கிறேன். கறுப்பு ரப்பர் பிடி, சிவப்பு நூல் போட்டுத் தைத்த உறை, கண்ணாடி மாதிரி பளபளக்கும் அலகு. அலகின் ஒரு ஓரத்தில் ரம்பப் பல், நடுவில் சென்டிமீட்டர் கோடுகள். அந்தக் கோடுகள் வெட்டப்பட்டவை அல்ல, அச்சடித்தவை. நகத்தால் சுரண்டினாலே போகிறது.

சென்னையில் பாதிப் பேருக்கு டிக்கரே தேவைப்படாது. மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் தேடுகிறவர்களுக்கு ஓட்டை போட்ட ஸ்கூப் போதும், மணல் தானே வடிந்துவிடும். ஆனால் கரையை விட்டு உள்ளே வந்தால் கதை வேறு. மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் பக்கமெல்லாம் களிமண். கோடையில் அது வெடித்துச் செங்கல்லாகிவிடும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் போனால் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. யாராவது தோட்டத்தில் கம்மல் விழுந்துவிட்டது, மோதிரம் போய்விட்டது என்று கூப்பிட்டால் நான் போய்த் தேடிக் கொடுப்பது வழக்கம். அந்த மண்ணுக்குத்தான் இதை வாங்கினேன்.

வாங்கும் முன் வாட்ஸ்அப்பில் தெளிவாகவே கேட்டேன். “ஃபுல் டாங்கா? களிமண் தாங்குமா?” பதில் வாய்ஸ் நோட்டாக வந்தது: “ப்ரோ, சாலிட் எஸ்எஸ். ஜப்பான் ஸ்டீல். நீங்க பாறையையே நெம்பலாம்.” அது இன்னும் என் போனில் இருக்கிறது. ஃபுல் டாங் என்றால், அலகின் இரும்பு கைப்பிடிக்குள் அதே அகலத்தில் கடைசி வரை ஓட வேண்டும். டிக்கரில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். தோண்டுகிறோம் என்று சொன்னாலும் உண்மையில் செய்வது நெம்புவது. முழு பலமும் அலகும் பிடியும் சேரும் இடத்தில்தான் விழும்.

ஆதம்பாக்கத்தில் தெரிந்தவர் வீட்டுப் பின்கட்டு. அந்த வீட்டு அம்மாவின் வைரத்தோட்டின் திருகு வேப்பமரத்தடியில் எங்கேயோ விழுந்திருந்தது. டிடெக்டர் ஓரிடத்தில் சத்தம் போட்டது. குத்தி, ஒரு வேரை ஒட்டி லேசாக நெம்பினேன். ‘டக்’. பிடி கையோடு வந்துவிட்டது, அலகு மண்ணிலேயே நின்றது. படத்தில் விரல் நழுவாமல் இருக்க ஒரு தடுப்பு இருந்தது, வந்த பொருளில் அது இல்லை. நல்லவேளை கை அலகில் படவில்லை. குழியை மறுபடி சோதித்தால் பின்பாயின்டர் (குழிக்குள் விட்டுச் சரியான இடம் பார்க்கும் சின்னக் கை டிடெக்டர்) கதறுகிறது. ஆசையாகக் கையை விட்டு எடுத்தால், பிடியிலிருந்து கழன்று விழுந்த ரிவிட்! (திருகு அப்புறம் ஒரு பழைய களைக்கொத்தின் உதவியால் கிடைத்தது. அந்த அம்மா காபி கொடுத்தார்.)

பிடியைப் பிளந்து பார்த்தேன். உள்ளே சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு வால், அதுவும் இரண்டு அங்குலம்கூட இல்லை. அதை அலகோடு இரண்டு பொட்டு வெல்டிங் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பொட்டு சரியாகப் பிடிக்கவே இல்லை, அந்த இடத்தில் இரும்பு உருகிய அடையாளமே கிடையாது. அலகின் நுனியும் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. குரோம் உரிந்த இடத்தில் செந்துரு. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி விற்ற பொருள்!

படமெடுத்து அனுப்பினேன். முதலில் “யூஸ் பண்ணிட்டீங்க ப்ரோ, ரிட்டர்ன் எடுக்க முடியாது” என்றார். தோண்டும் கருவி உடைந்தது தோண்டினால்தானே தெரியும் என்று கேட்டதற்கு, “அது கார்டன் சாஃப்ட் மண்ணுக்கு” என்றார். பாறையை நெம்பலாம் என்ற வாய்ஸ் நோட்டை அவருக்கே திருப்பி அனுப்பினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் புதிதாக ஒன்று சொன்னார்: “காந்தம் ஒட்டுது பாருங்க, நல்ல ஸ்டீல்னாதான் ஒட்டும்.”

இதில் கவனமாக இருங்கள். எவர்சில்வர் பாத்திரம் செய்யும் 304 ரகத்தில் காந்தம் அநேகமாக ஒட்டாது. கத்திக்குப் பயன்படும் 420 ரகத்தில் ஒட்டும். அதுவும் ஸ்டெயின்லெஸ்தான். அதனால் ‘காந்தம் ஒட்டினால் போலி’ என்று ஊரில் சொல்வதும் தப்பு. அதே சமயம் சாதா இரும்பிலும் காந்தம் நன்றாகவே ஒட்டும், ஆகவே ஒட்டுவது நல்ல ஸ்டீலுக்குச் சாட்சியும் இல்லை. இந்த அரைகுறை உண்மையை வைத்துத்தான் அவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

காந்தத்தை விட அரம் நல்லது. பதம் ஏற்றிய அலகின் ஓரத்தில் அரத்தை வைத்துத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். பதமில்லாத இரும்பில் கடித்து, பொடிப் பொடியாகச் சுரண்டும். என்னுடையதில் வெண்ணெய் வெட்டுவது போல இறங்கியது. கடையில் புதுச் சாமானில் அரம் போட விடமாட்டார்கள், அதனால் பிடியின் பின்முனையைப் பாருங்கள். அங்கே அலகின் இரும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ரப்பரோ பிளாஸ்டிக்கோ முழுக்க மூடியிருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஆன்லைன் ஆசாமி என்றால் அந்த முனையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாக்குப்போக்கு சொன்னால் விட்டுவிடுங்கள். பெட்டியில் தயாரித்த நாடு, இறக்குமதியாளர் பெயர், எம்ஆர்பி இதெல்லாம் அச்சாகியிருக்க வேண்டும், சட்டப்படியே கட்டாயம். எனக்கு வந்தது பபிள் ஷீட்டில் சுற்றிய மொட்டைப் பொருள். அலகு 15 முதல் 18 செ.மீ. நீளம் இருந்தால் நம் வேலைக்குத் தாராளம்.

இன்னொரு விஷயம். எனக்கு விற்ற இதே ஆள் தன் வீடியோ ஒன்றில் “மாமல்லபுரம் பக்கம் போங்க, பழைய காசு கிடைக்கும்” என்கிறார். டிக்கர் உடைந்தால் பணம்தான் போகும், இதைக் கேட்டால் கம்பி எண்ண வேண்டியிருக்கும். மாமல்லபுரத்து நினைவுச்சின்னங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது மட்டுமா, 1878-இல் போட்ட புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணுக்குள் புதைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்தே ரூபாய், வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. அடுத்தவர் நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதமில்லாமல் கால் வைக்காதீர்கள். டிக்கரை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு இரவில் பீச்சில் நடக்கவும் வேண்டாம், ரோந்து போலீசாருக்கு அது பிச்சுவாவாகத்தான் தெரியும்.

இப்போது என்னிடம் இருப்பது பட்டறையில் சொல்லிச் செய்த டிக்கர். புதுப்பேட்டையில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை ஒரு துண்டு வாங்கிக் கொடுத்தேன். பட்டறைக்காரர் அதை அடித்து, தோய்ச்சல் போட்டு, பிடிக்குள் முழு அகலத்துக்கும் இரும்பு ஓடவிட்டு, இரண்டு பக்கமும் வேங்கைக் கட்டை வைத்து ரிவிட் அடித்துக் கொடுத்தார். அழகெல்லாம் கிடையாது. கடல் காற்றில் துருவும் பிடிக்கும், துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறேன். ஆனால் அதே ஆதம்பாக்கத்து மண்ணில் அசையவில்லை. எல்லாம் சேர்த்து, அந்த ஜப்பான்காரனுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

பணத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின்வணிக விதிகளில் தெளிவாக இருக்கிறது. ‘யூஸ் பண்ணிட்டீங்க’ என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதற்கும் அவர் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, நாம் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அவர் என்னை பிளாக் செய்வதற்கு முன்பே சாட், வாய்ஸ் நோட்டு, விளம்பரப் படம், யுபிஐ ரசீது எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன். நீங்களும் சண்டை தொடங்கும் முன்பே எடுத்து வையுங்கள்.

நேற்று பார்த்தபோது அதே படம் வேறு பெயரில் வேறு பக்கத்தில் ஓடுகிறது, விலை 2,799. சிவப்பு நூல் தைத்த உறையோடு இதை வாங்கி, அது உடைந்துபோய் ஏமாந்தவர்கள் இருந்தால் பிடியின் உட்புறத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.