உயர்த்திய ஜிம்னிக்கு ஆஃப்செட் புஷ்: கேஸ்டர் திருத்தத் தொகுப்பு ஒரு மதிப்பீடு

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றி 50 மில்லிமீட்டர் உயர்த்தப்பட்ட சுசுகி ஜிம்னியின் முன் ஆக்சிலில், கேஸ்டர் கோணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி விற்கப்படும் பாலியூரித்தேன் ஆஃப்செட் புஷ் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் உருளை; இதில் துளை நடுவிலிருந்து ஒதுங்கியிருக்கும்) தொகுப்பைப் பொருத்தி, நெடுஞ்சாலையிலும் பாறைப் பாதையிலும் ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். தார்ச்சாலையில் இந்தத் தொகுப்பு சொன்னதைச் செய்கிறது. பாறைகளுக்கு நடுவே அது பறித்துக்கொள்ளும் ஒன்றைப் பற்றி விற்பவர்கள் பேசுவதில்லை என்பதால், வாங்குமுன் அதையும் அறிந்திருப்பது நல்லது.

பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்த அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணமே கேஸ்டர். இந்தச் சாய்வினால் டயர் தரையைத் தொடும் இடம், அச்சு தரையைச் சந்திக்கும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் அமைகிறது. அதனால்தான் ஓடும் வண்டியின் சக்கரம் தானாகவே நேர்திசைக்கு வர முயல்கிறது. ஜிம்னியின் முன் ஆக்சிலைத் தாங்கும் இரண்டு ரேடியஸ் ஆர்ம்களும் பின்முனையில் சேஸியுடனும் (வண்டியின் அடிச்சட்டம்), முன்முனையில் ஆளுக்கு இரண்டு புஷ்கள் வழியே ஆக்சிலுடனும் இணைந்துள்ளன. வண்டியை உயர்த்தும்போது சேஸி முனை மேலே போக, ஆர்ம் முன்பக்கம் தாழ்ந்து சாய்கிறது. ஆக்சிலும் அதனுடன் சேர்ந்து சுழல, திரும்பும் அச்சின் மேல்முனை முன்னோக்கி வந்துவிடுகிறது. ஆர்மின் நீளம் 800 மில்லிமீட்டர் என்று கொண்டால் 50 மில்லிமீட்டர் உயர்வுக்குச் சுமார் 3.6 டிகிரியும், 600 மில்லிமீட்டர் என்று கொண்டால் சுமார் 4.8 டிகிரியும் இழப்பாகும். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சில டிகிரி மட்டுமே உள்ள ஒரு கோணத்தில் இது சிறிய இழப்பு அன்று.

அந்த இழப்பு ஸ்டீயரிங்கில் உடனே தெரிகிறது. வேகம் ஏற ஏற வண்டி இடமும் வலமும் அலைகிறது, எதிரே பெரிய லாரி கடந்து போனால் திசை திருத்த வேண்டியிருக்கிறது, வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. பெரிய டயர் போட்டதுதான் காரணம் என்று நினைத்துக் காற்றழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர். முதலில் அளக்க வேண்டியது கேஸ்டரைத்தான்.

தொகுப்பில் உள்ள, ஆக்சில் முனைக்கான நான்கு புஷ்களிலும் இரும்புக் குழல் நடுவில் இல்லாமல் சில மில்லிமீட்டர் ஒதுங்கி அமைந்துள்ளது. ஒவ்வோர் ஆர்மிலும் உள்ள இரண்டில் முன் புஷ்ஷின் குழல் மேல்பக்கமாகவும், பின் புஷ்ஷின் குழல் கீழ்ப்பக்கமாகவும் இருக்கும்படி அழுத்திச் செருகினால், ஆர்ம் அப்படியே இருக்க, ஆக்சில் மட்டும் பின்னோக்கிச் சுழல்கிறது. இரண்டு புஷ்களுக்கும் இடையே 180 மில்லிமீட்டர் தூரமும், குழல் ஒவ்வொன்றிலும் 4 மில்லிமீட்டர் ஒதுக்கமும் இருந்தால், கிடைக்கும் திருத்தம் 2.5 டிகிரிக்கு மேல். இந்தத் திசையைத் தலைகீழாக்கிப் பொருத்தினால் மீதமிருக்கும் கேஸ்டரும் போய்விடும். இவ்வளவு முக்கியமான விஷயத்துக்குத் தயாரிப்பாளர் தந்திருப்பது புஷ்ஷின் விளிம்பில் கிரீஸ் பூசியதும் மறைந்துவிடும் மெல்லிய கோடு ஒன்றும், படமில்லாத ஒரு துண்டுத்தாளும் மட்டுமே. இது உண்மையிலேயே குறை. செருகுவதற்கு முன் பெயின்ட் மார்க்கரால் ஆர்மிலும் புஷ்ஷிலும் தடித்த கோடு போட்டுக்கொள்வது அவசியம்.

புஷ்களின் வார்ப்பு சீராக இருந்தது, குழல்கள் இறுக்கமாக உட்கார்ந்தன, கூடவே வந்த கிரீஸும் போதுமான அளவு. பழைய ரப்பர் புஷ்களை எடுக்க ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். தீயிட்டு எரித்து எடுக்கும் பழக்கம் நச்சுப்புகையைத் தருவதோடு புஷ் உட்காரும் ஆர்மின் கண்ணையும் கெடுக்கும். சேஸி முனையில் பழைய ரப்பர் புஷ்ஷையே வைத்திருப்பவர்கள், வண்டி தன் சக்கரங்களில் நிற்கும் நிலையில்தான் அந்த போல்ட்டை இறுதியாக முறுக்க வேண்டும். தூக்கி நிறுத்தியபடியே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கேறிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும்.

அலைன்மென்ட் இயந்திரத்தில், முன்பு பூஜ்யத்தை ஒட்டி நின்ற அளவு பொருத்திய பின் 2.5 டிகிரிக்கு அருகில் வந்தது. எண்ணைவிடச் சாலை தெளிவாகச் சொன்னது. வளைவிலிருந்து வெளிவரும்போது ஸ்டீயரிங் கைக்குள் தானாகச் சுழன்று நடுவுக்கு வருகிறது, நீண்ட நேர்ச்சாலையில் தோள்கள் இறுகுவதில்லை. பிரேக் பிடிக்கும்போது ரப்பர் நசுங்கி ஆக்சில் முன்னோக்கிப் புரள்வதையும் இந்தக் கடினமான புஷ் குறைக்கிறது.

ஆனால் அந்தக் கடினத்தன்மைதான் பாறைகளில் சிக்கலாகிறது. ரேடியஸ் ஆர்ம் அமைப்பில் ஒரு சக்கரம் ஏறி மற்றொன்று இறங்கும்போது ஆக்சிலே முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கை உள்வாங்கும் வேலை இந்தப் புஷ்களுடையது. ரப்பர் நெளிந்து கொடுத்த இடத்தில் பாலியூரித்தேன் முரண்டு பிடிப்பதால், முன்பு தரையைத் தொட்டபடி இறங்கிய சக்கரம் இப்போது குறுக்குப் பள்ளத்தில் சற்று முன்னதாகவே அந்தரத்தில் தொங்குகிறது. மேலும், ஆக்சில் பின்னோக்கிச் சுழலும்போது டிஃபரென்ஷியலின் பினியன் மூக்கும் (இன்ஜின் விசை ஆக்சிலுக்குள் நுழையும் முனை) கீழே தாழ்ந்து, அந்த விசையைக் கொண்டுவரும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுக் கோணம் கூடுகிறது. ஜிம்னியில் பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் 2H நிலையில் அந்த ஷாஃப்ட் சுழலாததால் எதுவும் தெரியாது. நான்கு சக்கரமும் இயங்கும் 4H இல் வேகம் கூடினால் மெல்லிய அதிர்வு வருகிறது. நான்கு சக்கரமும் எப்போதும் இயங்கும் வண்டிகளில் இதை அலட்சியப்படுத்த முடியாது.

ஆகவே, 50 மில்லிமீட்டர் வரை உயர்த்தி, பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓடி, இடையிடையே காட்டுப்பாதைக்குச் செல்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பாறை ஏறுவதையே நோக்கமாகக் கொண்டவர்கள், புஷ் துளைகளின் இடமே மாற்றப்பட்டு ரப்பர் புஷ்ஷுடன் வரும் ஆர்ம்களுக்குச் செலவிடலாம். ரப்பர் புஷ்களை மாற்ற விரும்பாதவர்களுக்கு, ஆர்மின் சேஸி முனையைக் கீழிறக்கும் டிராப் பிராக்கெட் பொருந்தும். அது கேஸ்டரை மீட்கும், ஆனால் ஆக்சிலை அதே திசையில் சுழற்றிப் பினியன் மூக்கையும் தாழ்த்துவதால் ஷாஃப்ட் அதிர்வைத் தீர்க்காது; பாறையில் முதலில் இடிபடுவதும் அதுவாகத்தான் இருக்கும்.

ஸ்டீயரிங் ஏற்கெனவே படபடவென்று உதறும் வண்டியாக இருந்தால், இந்தத் தொகுப்பை வாங்குமுன் சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் பேரிங்கையும், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடின் புஷ்ஷையும் சோதிக்க வேண்டும். அந்த ஆட்டத்தைக் கேஸ்டர் திருத்தம் குணப்படுத்தாது. சில வண்டிகளில் அதிகப்படுத்தவும் செய்யும்.