வெளிநாட்டு நாய் என்று 78,000 ரூபாவுக்கு என் தலையில் கட்டிவிட்டார்கள்

கை இன்னும் நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 78,000 ரூபா. கச்சான் வித்த காசு.

விசுவமடுவில் எங்கள் தோட்டத்துக்குப் பன்றிக் காவலுக்கு நின்ற நாய் பாம்பு கடித்துச் செத்துப் போனது. அந்த நேரம்தான் கைவிடப்பட்ட வெளிநாட்டு நாய்களைத் தத்துக் கொடுக்கும் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. ரொமேனியாவில் தெருவில் பிடித்த இரண்டு வயது நாயாம். நாய் இலவசம், வந்து சேரும் செலவு மட்டும் எங்களுடையதாம். லண்டனில் இருக்கிற அக்கா ரொமேனியா நாய் ஒன்றைத்தான் எடுத்து வளர்க்கிறா. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. "ரொமேனியா நாய் ஏன் விசுவமடுவுக்கு வரவேணும்?" என்று இவர் கேட்டார். பேசாமல் இருங்கோ என்றேன்.

அந்தப் பக்கத்தை நடத்துகிற ஆள் கேட்ட கேள்விகளில்தான் விழுந்தேன். வேலி இருக்கா தங்கச்சி, நாய் தனிய எவ்வளவு நேரம் நிற்கும், சின்னப் பிள்ளையள் இருக்கா? அக்காவிடமும் அங்கே வீடு வந்து பார்த்து இப்படித்தான் கேட்டார்களாம். வேலியை வீடியோவில் காட்டச் சொன்னார். வெயிலுக்குள் போனைப் பிடித்துக்கொண்டு முள்ளுக்கம்பி வேலி நீளத்துக்கும் நடந்தேன். பின்பக்கம் ஒரு கம்பி தளர்ந்து கிடந்தது. "அதை இறுக்கிப்போட்டுச் சொல்லுங்கோ, பிறகுதான் நாய்" என்றார். ஏமாற்றுகிறவன் என் வேலிக் கம்பியைப் பற்றிக் கவலைப்படுவானா? அன்று பின்னேரமே கம்பியையும் இறுக்கி, 25,000 ஐயும் போட்டேன். பிறகு கூட்டுக்கு 35,000. பிறகு தனிமைப்படுத்தலுக்கு 18,000.

விடிய நாலரைக்குக் கொழும்பு பஸ்ஸில் கிளிநொச்சியில் இறக்கினார்கள், மரக்கறி அடுக்கிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து. காது மடலுக்குள் உண்ணி புளியங்கொட்டை மாதிரி அடுக்கி இருந்தது. இருமல் வேறு. இரண்டாம் நாள் சோறு வைக்கப் போன மகனின் கையைக் கடித்தது.

மிருக வைத்தியர் கருவியைக் கழுத்தில் பிடித்துப் பார்த்தார். தோலுக்குள் வைக்கிற அடையாளச் சிப் இல்லை. அவர்கள் தந்த பத்திரத்தில் இருந்த சிப் இலக்கத்தை விரல் வைத்து எண்ணினார், பன்னிரண்டு. பதினைந்து இருக்கவேணுமாம். "இறக்குமதி அனுமதி எங்கே பிள்ளை?" என்றார். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தில் நாய் விமானம் ஏற முதலே அதை எடுக்கவேணுமாம். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. விசர்நாய் ஊசி போட்டதாகப் பத்திரத்தில் எழுதியிருந்ததையும் இனி யார் நம்புவது?

அந்த ஆளுக்கு அடித்தேன். முதலில் "மீட்டிங்கில் நிக்கிறன்". பிறகு "நீங்கள் சாப்பாட்டை மாத்தியிருப்பியள், அதுதான் இருமல்". கடித்ததைச் சொன்னதும், "பிள்ளை சீண்டியிருக்கும்". காசைக் கேட்டதும், வாயில்லா ஜீவனைக் காசுக்கணக்கில் பார்க்கிற ஆக்களுக்கு இனி நாய் தரமாட்டார்களாம்! அதோடு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள். பொலிசில் முறைப்பாடு எழுதினேன். வங்கிச் சிட்டையில் உள்ள பெயர் வேறு, கதைத்தவர் சொன்ன பெயர் வேறு. 78,000 ரூபா.

என்னென்ன பார்க்கவேணும் என்று விவரமாக எழுதத்தான் இருந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அனுமதிப் பத்திரத்தைக் காணாமல் ஒரு சதமும் போடாதீர்கள். சிப் இலக்கத்தை எண்ணுங்கள். உண்மையாகவே வெளிநாட்டிலிருந்து வருகிற நாய் என்றாலும் புருசெல்லா என்கிற கிருமி நோய்க்குச் சோதனை செய்ததா என்று கேளுங்கள், அது மனிதருக்கும் தொற்றும் என்று அக்கா இப்போதுதான் சொல்கிறா. (முதலே சொல்லியிருக்கலாம்.) நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், மஞ்சள் பூசிக்கொண்டு இருக்காதீர்கள்.

நாயைக் கட்டி வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கடித்து இன்றைக்கு ஆறு நாள், சாப்பிடுகிறது. மகனுக்கு மூன்றாவது ஊசி நாளைக்கு, விடியவே பஸ் பிடிக்கவேணும்.