டொராண்டோவா, ஓசூரா?

ரிட்டயர் ஆனதும் கனடாவில் மகனோடு போய் இருந்துவிடலாமா என்ற பேச்சு கிருஷ்ணகிரிப் பக்கமும் அடிபடுகிறது. பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒருமுறை போனால் 5 ஆண்டு வரை தங்கலாம். ஆனால் அது நிரந்தரக் குடியிருப்பு இல்லை. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு கிடையாது. குறைந்தது 1 லட்சம் கனடிய டாலருக்குத் தனியார் காப்பீடு எடுத்தாக வேண்டும். சர்க்கரை, பிரஷர் இருந்தால் பிரீமியம் எகிறும். பழைய நோய்க்குப் பணம் தராத பாலிசிகளும் உண்டு, அந்தப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். மகனின் வருமானத்துக்கும் குறைந்தபட்ச வரம்பு இருக்கிறது.

ஓசூரில் இந்தத் தலைவலி இல்லை. சுமார் 900 மீட்டர் உயரம். மே மாதத்திலும் தருமபுரி அளவுக்கு வேகாது. பெரிய வைத்தியத்துக்குப் பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டாமல் இருந்தால்.

பேரன் முகம் ஓசூரில் கிடைக்காது, சரி. ஆனால் டொராண்டோ ஜனவரியில், எல்லோரும் வேலைக்குப் போனபின், பூட்ஸ் மாட்டிக்கொண்டு பனியில் எங்கே நடப்பது? டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதி என்றால் தமிழ்க் கடை, கோயில் என்று கொஞ்சம் பொழுது போகும்.

என்னைக் கேட்டால், வீடு ஓசூரில், மே முதல் செப்டம்பர் வரை கனடா. மாம்பழ சீசன் போய்விடும், அது ஒன்றுதான் குறை. அப்புறம், ஓய்வூதிய நேர்காணல் எந்த மாதம் என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.