பழைய மியாட்டாவில் கிளட்ச், கியர் லீவர், கிரவுன்: எதை மாற்றினால் எது சரியாகும்

1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். இந்த வண்டிகளில் "கியர்பாக்ஸ் போய்விட்டது" என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி கியர்பாக்ஸ் கோளாறே அல்ல. கிளட்சுக்குக் கீழே ஒழுகும் ஒரு சிலிண்டர், லீவருக்கு அடியில் கிழிந்த ரப்பர், தேய்ந்த ஒரு பிளாஸ்டிக் புஷ், இவற்றில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். அதனால் மலிவானதில் இருந்து தொடங்குவது நல்லது.

முதலில் ஸ்லேவ் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்ததும் ஆயில் அழுத்தத்தில் நகர்ந்து கிளட்சை விடுவிக்கும் சிலிண்டர். கியர்பாக்ஸின் வலப்பக்கம் இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். பெடல் தரையோடு போகிறது, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்கிறது, நாலு முறை மிதித்த பிறகு சரியாகிவிடுகிறது என்றால் அதன் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஆயுள் முடிந்தது. கிளட்சிலும் ஓடுவது பிரேக் ஆயில்தான், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதில் சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடித்துக் குழி விழும், சீல் அந்தக் குழியில் உரசிக் கிழியும். வெறும் சீல் கிட் போட்டால் நிற்காததற்குக் காரணம் இதுதான். சிலிண்டரையே மாற்ற வேண்டும், மேலே பெடலோடு இணைந்து அந்த அழுத்தத்தைத் தரும் மாஸ்டர் சிலிண்டரையும் அதோடு சேர்த்து. புது ஸ்லேவ் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தியதும் அடுத்து ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் பழைய மாஸ்டர்தான். ஆயில் குழாயில் புகுந்த காற்றை எடுத்து முடித்த பிறகு, பெடலில் இருந்து மாஸ்டருக்குப் போகும் கம்பியில் சிறிது விளையாட்டு, அதாவது தளர்வு, இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். விளையாட்டே இல்லாவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை அடைபட்டே இருக்கும். இன்ஜின் சூட்டில் ஆயில் விரியும்போது கிளட்ச் தானாகவே லேசாக விடுபட்டு வழுக்கும். புது டிஸ்க் எரிந்துபோன பல வண்டிகளில் நடந்தது இதுதான்.

அடுத்து கியர் லீவர். இதற்கு வண்டியைத் தூக்கக்கூட வேண்டாம். நடுக்கன்சோலைக் கழற்றினால் பெரிய ரப்பர் உறை, அதற்குக் கீழே சின்ன உறை. பெரியது கிழிந்தால் சூடும் சத்தமும் உள்ளே வரும். சின்னது கிழிந்தால் லீவர் இறங்கும் குழியில் உள்ள ஆயில் வெளியே தெறித்து, உள்ளே கியர் ஆயில் வாடை அடிக்கும். அந்தக் குழிக்கென்று தனி ஆயில் உண்டு, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றும்போது அது மாறுவதில்லை. பழையது தார் மாதிரி கறுத்திருக்கும். அதை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டு, 90 மில்லி அளவுக்குப் புது கியர் ஆயில் ஊற்றினால் போதும். லீவரின் அடியுருண்டையில் உள்ள பிளாஸ்டிக் புஷ்ஷையும் அப்போதே மாற்றிவிட்டால் லீவரின் ஆட்டம் நிற்கும். செலவோடு ஒப்பிட்டால் இந்த வண்டியில் இதைவிடப் பலன் தரும் வேலை கிடையாது.

கியர்பாக்ஸ் ஆயில் 2 லிட்டர், 75W-90. ஜிஎல்-4 தரம்தான் பாதுகாப்பானது. ஜிஎல்-5 வகையில் கந்தகச் சேர்மானம் அதிகம், சில தயாரிப்புகள் கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கும். குளிரில் முதல் சில நிமிடம் இரண்டாம் கியர் தடுமாறுவது இந்தக் கியர்பாக்ஸின் பிறவிக் குணம், அதற்காக அதைப் பிரிக்க வேண்டாம். கிரவுனுக்கு, அதாவது சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலுக்கு, ஜிஎல்-5. 1.6 லிட்டர் இன்ஜின் வண்டிக்கு 0.65 லிட்டர் ஆயில், 1.8-க்கு 1 லிட்டர். எதிலும் ஊற்றும் துளையின் பிளக்கை முதலில் திறந்து பார்த்துவிட்டுத்தான் கீழ் பிளக்கைத் தொட வேண்டும். இருந்த ஆயிலை வடித்த பிறகு மேல் பிளக் திறக்க மறுத்தால் வண்டி அங்கேயே கிடக்கும்.

கிளட்ச் டிஸ்க் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். 1.6-க்கு 200 மி.மீ. டிஸ்க், 1.8-க்கு 215. ஃப்ளைவீலோடு சேர்த்து மாற்றினால் 1.8-ன் கிளட்ச் 1.6-லும் பொருந்தும். நீண்ட ஓட்டத்துக்கு எக்ஸெடி போன்ற அசல் வகைச் சாதாரண டிஸ்க்கே போதும். இன்ஜினில் சக்தி கூட்டாமல் பந்தய வகைப் பிரஷர் பிளேட் (டிஸ்க்கை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் தட்டு) போடுவது வீண். பெடல் கனக்கும், ஸ்லேவ் சீக்கிரம் சாகும், கிராங்கின் திரஸ்ட் பேரிங்கும் தேவையில்லாமல் அடி வாங்கும். இறக்கியபோதே ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்கின் பின்பக்க சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள். இவை மலிவு, இதே வேலையை மறுபடி செய்வதுதான் செலவு. ஃப்ளைவீல் போல்ட் 96 முதல் 103 நியூட்டன் மீட்டர். பிரஷர் பிளேட் போல்ட் 18 முதல் 26, அதுவும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே பக்கம் முறுக்கினால் பிளேட் கோணும், கிளம்பும்போது வண்டி உதறும். கியர்பாக்ஸின் உள்ஷாஃப்டில், டிஸ்க் ஏறும் பற்களில் கிரீஸ் பூசியது தெரியாத அளவுக்குத்தான் பூச வேண்டும், மிச்சமெல்லாம் டிஸ்க்கில் தெறிக்கும். கியர்பாக்ஸ் 30 கிலோவுக்கு மேல். ஏற்றும்போது அதன் எடையை டிஸ்க்கில் தொங்கவிட்டால் டிஸ்க்கின் நடுப்பகுதி வளையும். கடைசி இடைவெளியை போல்ட்டால் இழுத்து மூட நினைத்தால் கியர்பாக்ஸ் ஓட்டின் அலுமினியக் காது உடையும். உட்காரவில்லை என்றால் டிஸ்க் நடுவில் இல்லை, அவ்வளவுதான்.

பலரும் கோட்டைவிடுவது பி.பி.எஃப். (பவர் பிளான்ட் ஃபிரேம்) என்ற அலுமினியச் சட்டத்தில். கியர்பாக்ஸையும் கிரவுனையும் ஒரே முதுகெலும்பாகக் கட்டிவைப்பது அதுதான். இந்த வண்டியில் கியர்பாக்ஸுக்கென்று தனித் தாங்கி இல்லை. ஆகவே சட்டத்தைக் கழற்றும் முன் வண்டியின் அடிச்சட்டங்களின் குறுக்கே ஒரு நேர்கம்பி வைத்து, அதிலிருந்து பி.பி.எஃப். எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து எழுதிவைக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது கியர்பாக்ஸின் வாலை ஜாக்கில் ஏற்றி இறக்கி, அதே அளவு வந்த பிறகே போல்ட்டுகளை 104 முதல் 124 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். உயரம் தவறினால், கியர்பாக்ஸில் இருந்து கிரவுனுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, வேகத்தில் தரை அதிரும். பாவம், அதற்கு டயரை பேலன்ஸ் செய்து கொண்டிருப்பார்கள். ஷாஃப்டின் நான்கு போல்ட்டைக் கழற்றும் முன் இரண்டு விளிம்பிலும் பெயின்ட் கோடு போட்டு, பூட்டும்போது அதே நிலையில் பூட்டுங்கள்.

ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்கும்போது பின்னால் "டொக்" என்றால் உடனே கிரவுனைத் திட்ட வேண்டாம். பி.பி.எஃப். போல்ட் தளர்ந்திருக்கிறதா, ஷாஃப்டின் கிராஸ் (முனையில் உள்ள மூட்டு) ஆடுகிறதா, கிரவுனைத் தாங்கும் ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். கிராஸைத் தனியாக மாற்ற மாஸ்டா வழி வைக்கவில்லை, முழு ஷாஃப்ட்தான். புஷ்ஷுக்குப் பதில் பாலியூரித்தேன் போட்டால் ஆட்டம் போகும், ஆனால் கிரவுனின் ரீங்காரம் முழுக்க காதுக்கு வரும். தினமும் ஓட்டும் வண்டிக்கு ரப்பரே மேல்.

1.6-ன் 6 அங்குல கிரவுன் சிறியது. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்க அதில் வந்த விஸ்கஸ் லிமிடெட் ஸ்லிப் இந்த வயதில் பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். அதைச் சரிசெய்யப் பணம் போடுவதைவிட 1994 மாடல் முதல் வந்த 7 அங்குல டார்சன் (பற்சக்கரங்களால் இயங்கும் லிமிடெட் ஸ்லிப்) கிரவுனைத் தேடுவது புத்திசாலித்தனம். வாங்கும்போது அதற்குரிய புரொப்பல்லர் ஷாஃப்டையும் இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் அதே வண்டியில் இருந்து சேர்த்தே எடுங்கள். கிரவுனை மட்டும் வாங்கி வந்தால் பழைய ஷாஃப்டுகள் அதில் பொருந்தாது.