லென்ஸ் 'கேலிப்ரேஷன்' என்று 4,500 ரூபாய் கொடுத்த கதை

கல்யாணப் படம் எடுக்கிறவர்கள், முக்கியமாக இன்னும் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள், படித்துவிடுங்கள்.

என் 70-200 எம்எம் ஜூம் லென்ஸ், 200 முனையில் துளையை முழுதாகத் திறந்து எஃப் 2.8 வைத்தால் பேக் ஃபோகஸ் ஆனது, அதாவது குறிவைத்த இடத்துக்குப் பின்னால் ஃபோகஸ் விழுந்தது. மணப்பெண்ணின் கண்ணில் புள்ளி வைத்தால் ஜிமிக்கி பளிச்சென்று விழும், கண் மங்கிவிடும். 70-இல் ஒரு குறையும் இல்லை. லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து எடுத்தால் 200-இலும் சரியாகவே வந்தது. இமேஜ் சென்சாரே ஃபோகஸ் பார்க்கும்போது பிழை இல்லை. வியூஃபைண்டரில் கண் வைத்து எடுக்கும்போது வேலை செய்கிற தனி ஃபோகஸ் சென்சாரோடுதான் லென்ஸ் ஒத்துப்போகவில்லை. இது தெரிந்தும் சர்வீஸ் கடைக்குப் போனேன் பாருங்கள், அது என் தப்பு.

"பாடியையும் கொடுங்க சார், லென்ஸைத் திறந்து கேலிப்ரேட் பண்ணணும்" என்றார் கடைக்காரர். பாடி என்றால் லென்ஸ் மாட்டும் கேமரா, கேலிப்ரேட் என்றால் ஃபோகஸைத் துல்லியமாகச் சரிசெய்வது. இரண்டு நாள், 4,500 ரூபாய். கடையிலேயே 200-இல் எடுத்துக் காட்டினார். கச்சிதம்.

அடுத்த முகூர்த்தத்தில் 50 எம்எம் மாட்டினேன். எல்லாப் படத்திலும் மூக்கு நுனி கூர்மை, கண் மங்கல். நேற்றுவரை நன்றாக இருந்த லென்ஸ்! மண்டபத்திலேயே மெனுவைத் திறந்து பார்த்தேன். ஃபோகஸைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தும் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்டில் 'ஆல் பை சேம் அமௌன்ட்', மைனஸ் 9. என்னிடம் உள்ள எல்லா லென்ஸுக்கும் ஒரே எண்! அப்புறம் நண்பரின் பாடியில் 70-200-ஐ மாட்டினேன். பழைய பேக் ஃபோகஸ் அப்படியே இருந்தது. அந்த எண் பாடியில் மட்டும் பதிவாவது. லென்ஸை யாரும் தொடவே இல்லை.

என்னுடையது கேனான் 5டி மார்க் 3. இதில் ஜூமின் இரண்டு முனைக்கும் தனித்தனி எண் கொடுக்கலாம், நடுவில் உள்ளதைக் கேமராவே சரிக்கட்டிக்கொள்ளும். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனி எண் வைக்கும் 'அட்ஜஸ்ட் பை லென்ஸ்' போய் 70-க்கு பூஜ்யம், 200-க்கு மைனஸ் 8 வைத்தேன். டிரைபாட், ஒரு செய்தித்தாள், அரை மணி நேரம். செலவு இல்லை.

கடைக்குக் கொடுப்பதற்கு முன் அந்த மெனுவை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் அதைத்தான் முதலில் பாருங்கள். லென்ஸுக்குள் திருத்தியதாகச் சொன்னால் வேறொரு பாடியிலும் மாட்டிச் சோதியுங்கள். லைவ் வியூவிலேயே படத்தின் ஒரு பக்கம் மங்கினால் அது லென்ஸுக்குள் கண்ணாடி வில்லை நகர்ந்த கேஸ். எந்த எண்ணும் உதவாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "செட்டிங்கும் கேலிப்ரேஷன்தானே சார்" என்றார். அடுத்த லென்ஸுக்கு டிஸ்கவுண்ட் தருகிறாராம்.