முன் நம்பர் பிளேட்: துளை போடுவதா, ஒட்டுவதா, கொக்கியில் மாட்டுவதா, டிக்கெட்டே வாங்கிக்கொள்வதா?

கலிபோர்னியாவின் பே ஏரியாவில் நம்மவர் யாராவது புதுக் கார் எடுத்தால், டெலிவரி அன்றைக்கே ஒரு பஞ்சாயத்து கிளம்பிவிடும்: முன்பக்கம் நம்பர் பிளேட் மாட்டுவதா வேண்டாமா. "இவ்வளவு காசு கொடுத்து வாங்கின வண்டியோட மூக்குல துளை போடச் சொல்றீங்களா?" என்பார் ஒருவர். "நான் வருஷக்கணக்கா மாட்டாமத்தான் ஓட்டுறேன், ஒருத்தனும் கேட்டதில்ல" என்பார் இன்னொருவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு வீட்டில் கராஜ் இருக்கும், ஆபீஸில் அடுக்குமாடி பார்க்கிங் இருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் தெருவோரம் நிறுத்திவிட்டு ராத்திரி தூங்குகிறவருக்கு அவர் அனுபவம் உதவாது.

கலிபோர்னியா சட்டத்தில் குழப்பம் எதுவும் இல்லை. வாகனச் சட்டம் பிரிவு 5200: டிஎம்வி (மாநில மோட்டார் வாகனத் துறை) இரண்டு பிளேட் கொடுத்தால் ஒன்று முன்னால், ஒன்று பின்னால். பிரிவு 5201: ஆடாமல் அசையாமல் பொருத்தியிருக்க வேண்டும், நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும், முன் பிளேட் தரையிலிருந்து 60 அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. "என் வண்டி பிராக்கெட் (பிளேட்டைத் தாங்கும் பட்டை) இல்லாமத்தான் வந்துச்சு" என்ற வாதம் இங்கே எடுபடாது. பக்கத்து மாநிலமான நெவாடாவில் அதற்குக் கொஞ்சம் இடம் உண்டு: தயாரிப்பாளர் பிராக்கெட் வைக்காமல், தனியாகவும் தராமல் விட்ட வண்டிக்கு அங்கே முன் பிளேட் கட்டாயமில்லை. அதை யாரோ கேள்விப்பட்டு இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே கேள்வி எதை மாட்டுவது, எதில் மாட்டுவது, மாட்டாவிட்டால் என்ன விலை என்பதுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மாட்டாமல் விடுவதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் கட்சிக்காரர்கள் அதிகம்.

மாட்டாமல் விடுவது

"மிஞ்சிப்போனால் 25 டாலர்" என்பது இந்தக் கட்சியின் முழக்கம். அது பாதி உண்மை. பிளேட் இல்லாததற்குப் பெரும்பாலும் எழுதப்படுவது ஃபிக்ஸ்-இட் டிக்கெட், அதாவது குறையைச் சரிசெய்யச் சொல்லும் அபராதச் சீட்டு. குறையைச் சரிசெய்து, போலீஸ்காரரிடம் கையெழுத்து வாங்கி, கோர்ட்டில் 25 டாலர் கட்டினால் விஷயம் முடிந்தது. ஓட்டுநர் பதிவில் கரும்புள்ளியாக ஏறும் டிஎம்வி பாயின்ட் கிடையாது. ஆனால் கவனியுங்கள், அந்த 25 டாலர் பிளேட்டை மாட்டியவருக்கான விலை. மாட்டாமலே இருக்க விரும்பினால் முழு அபராதம். அடிப்படை அபராதமும் பார்க்க 25 டாலர்தான். அதன் தலையில் மாநிலத்துக்கு இவ்வளவு, கவுன்டிக்கு இவ்வளவு, கோர்ட் செலவுக்கு இவ்வளவு என்று ஏறி ஏறி இருநூறு டாலரை நெருங்கிவிடும். கட்டியபிறகும் பிளேட் இல்லாத வண்டி பிளேட் இல்லாத வண்டிதான். மறுநாளே இன்னொரு டிக்கெட் எழுதத் தடையில்லை. திரும்பத் திரும்ப அலட்சியம் செய்கிறவர் என்று தெரிந்தால், ஃபிக்ஸ்-இட் சலுகையை மறுக்கவும் சட்டம் இடம் தருகிறது.

நிறுத்தி வைத்த வண்டிக்கு எழுதும் டிக்கெட் தனி. அது நகராட்சியின் பார்க்கிங் பிரிவிலிருந்து வரும், நீங்கள் வண்டியில் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. இதிலும் சரிசெய்து நிரூபித்தால் 10 டாலராகக் குறையும். சின்னத் தொகைதான். ஆனால் மீட்டர் பார்க்கிறவர் தினமும் அதே தெருவில் நடக்கிறவர். உங்கள் வண்டி அவருக்குப் பழக்கமாகிவிட்டால் அந்த உறவு சீக்கிரம் முறியாது.

இந்த வழியில் எனக்கு உண்மையிலேயே உறுத்துவது காசு இல்லை. 1996ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: கண்ணெதிரே ஒரு போக்குவரத்து விதிமீறல் இருந்தால், போலீஸ்காரர் மனதில் வேறு எந்த நோக்கம் இருந்தாலும், வண்டியை நிறுத்தியது செல்லும். முன் பிளேட் இல்லாத வண்டி, எதிர்ப்பக்கம் வரும் எந்த ரோந்துக் காருக்கும் நூறடி தூரத்திலேயே அந்தக் காரணத்தை நீட்டிக்கொண்டு போகிறது. நிறுத்தியபிறகு ரெஜிஸ்ட்ரேஷன் பார்ப்பார், இன்சூரன்ஸ் பார்ப்பார், கண்ணாடி டின்ட் பார்ப்பார். கலிபோர்னியாவில் 2024 ஜனவரி முதல், எதற்காக நிறுத்தினோம் என்பதைக் கேள்வி கேட்கத் தொடங்கும் முன்பே போலீஸ் சொல்லியாக வேண்டும். நல்ல சட்டம்தான். "முன் பிளேட் இல்லை" என்று சொல்லிவிட்டால் அந்தச் சட்டமும் நிறைவேறிவிட்டது.

ஸ்டீவ் ஜாப்ஸ் பிளேட்டே இல்லாமல் ஓட்டினாரே என்று ஒருவராவது கேட்பார். அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே மாதிரி புது மெர்சிடிஸுக்கு மாறிக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் புது வண்டிக்குப் பிளேட் மாட்ட அவ்வளவு அவகாசம் இருந்தது. 2019 ஜனவரியிலிருந்து டீலரே நம்பர் போட்ட தற்காலிகக் காகித பிளேட் மாட்டித்தான் அனுப்புகிறார், அதற்கும் 90 நாள்தான் ஆயுள்.

டாஷ்போர்டில் வைப்பது

கண்ணாடிக்குள் சாய்த்து வைத்துவிட்டு "தெரியுதுல்ல?" என்கிற சமாளிப்பு. டெக்சாஸில் இப்படி வைத்திருந்த ஒருவரைப் போலீஸ் நிறுத்தியது, வண்டியில் கஞ்சா கிடைத்தது. நிறுத்தியதே தவறு என்று அவர் வாதாடி, வழக்கு அந்த மாநிலத்தின் உச்ச குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2010ல் தீர்ப்பு: வண்டியின் முன்பக்கம் என்றால் வண்டியின் முன்முனை, பெரும்பாலும் பம்பர்; கண்ணாடிக்கு உள்ளே இருப்பது அதில் சேராது. கலிபோர்னியாவில் அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் ஆடாமல் பொருத்த வேண்டும் என்ற விதியை, பிரேக் போட்டால் சறுக்கி விழும் தகடு எப்படி நிறைவேற்றும்? பிளேட்டைக் கிரில்லில் ஜிப்-டை போட்டுக் கட்டித் தொங்கவிடுவதும் இதே ரகம். இரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

துளை போடுவது

கேம்ரி, சிஆர்-வி, ஒடிஸி மாதிரி சாதாரணக் குடும்ப வண்டி ஓட்டுகிறவர்களுக்கு என் பதில் இதுதான், யோசிக்கவே வேண்டாம். டீலரிடம் கேட்டால் பெரும்பாலும் அந்த மாடலுக்கான பிராக்கெட் இருக்கும், டெலிவரி அன்றைக்கே மாட்டித் தருவார்கள். பல பம்பர்களில் எங்கே துளைக்க வேண்டும் என்று சின்னக் குழி அடையாளம் தொழிற்சாலையிலேயே இருக்கிறது. விரலால் தடவினால் தட்டுப்படும். துருப்பிடிக்காத ஸ்டீல் திருகு போட்டால் வண்டி ஆயுசுக்கும் கவலையில்லை. இயந்திரக் கார்வாஷ், ஃப்ரீவே காற்று, பார்க்கிங்கில் முன்னால் நிற்கிறவர் ரிவர்ஸில் வந்து இடிப்பது எதற்கும் அசையாது.

மூக்குக் குத்தினால் மூக்கு போய்விடுமா? பயம் முழுக்க அழகைப் பற்றியும் மறுவிற்பனையைப் பற்றியும்தான். இரண்டு பிளேட் கட்டாயமான மாநிலத்தில் பழைய வண்டி வாங்க வருகிறவர், பம்பரில் பிளேட் துளை இருப்பதைப் பார்த்து விலை குறைத்து நான் கண்டதில்லை. லீஸ் வண்டி என்றால் ஒப்பந்தத்தில் ஒரு வரி பார்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படி போட்ட துளையைச் சேதமாகக் கணக்கிடுவது பொதுவாக வழக்கமில்லை. ஒரே உண்மையான குறை, திரும்ப முடியாது. அரிசோனாவுக்கோ ஃப்ளோரிடாவுக்கோ குடிபோனால் அங்கே முன் பிளேட் கிடையாது, துளை மட்டும் மிஞ்சும். அதற்குப் பிளாஸ்டிக் மூடி விற்கிறார்கள்.

கொக்கித் துளையில் மாட்டுவது

பம்பரின் ஒரு ஓரத்தில், உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு மூடி இருக்கும். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பும். உள்ளே மரை போட்ட குழி. வண்டி பழுதானால் கட்டி இழுப்பதற்கான கொக்கியைத் திருகும் இடம். அதே மரையில் ஒரு தண்டைத் திருகி, அதன் முனையில் பிளேட்டைப் பிடிப்பதுதான் டோ-ஹுக் பிராக்கெட். விலை பெரும்பாலும் ஐம்பதிலிருந்து நூறு டாலருக்குள். பிஎம்டபிள்யூ, போர்ஷா, மினி ஓட்டுகிறவர்களுக்கு இதில் காதல். பம்பரில் கை வைக்கவில்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம், பிளேட் ஒரு பக்கமாக இருப்பது ரேஸ் வண்டி மாதிரியும் இருக்கிறது. நடுவில்தான் இருக்க வேண்டும் என்று 5201 சொல்லவில்லை, ஆகவே சட்டச் சிக்கலும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். பிளேட் போய் உட்காரும் இடத்துக்குப் பின்னால் பார்க்கிங் சென்சார் இருந்தால், காலி இடத்திலும் அது வீலென்று கத்தும். முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைத் தானே மாற்றும் அடாப்டிவ் குரூஸுக்கான ரேடார் பல வண்டிகளில் கீழ்க் கிரில்லுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை மறைத்தால் டேஷில் எச்சரிக்கை வரும். வாங்கும் முன் சென்சார் வட்டங்கள் எங்கே என்று குனிந்து பாருங்கள். இன்னொன்று, பார்க்கிங்கில் யாராவது பிளேட்டில் இடித்தால், அந்த இடி நேராகத் தண்டு வழியே உள்ளே போகும். பம்பர் தாங்கியிருக்கக்கூடிய சின்ன இடி அது. கழற்றிய மூடியை குளோவ் பாக்ஸில் போட்டு வையுங்கள். தொலைத்தவர்கள்தான் அதன் விலையைச் சொல்வார்கள்.

ஒட்டுவது

கிரில் இல்லாத வழவழ முகம் கொண்ட மின்சார வண்டிகளால் பிரபலமான முறை. டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் வண்டிகளுக்கு ஒட்டும் பிராக்கெட்டே உண்டு. பின்பக்கம் கனமான இரட்டைப்பக்க டேப், துளை இல்லை. துளை போட மனசு வராதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன், ஆனால் ஒட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "விழுந்துடுச்சு" என்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், டிசம்பர் குளிரில் வாக்ஸ் போட்ட பம்பர் மேல் அவசரமாக அழுத்தியிருப்பார்கள். ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, நன்றாகக் காய்ந்தபின், வெயில் ஏறிய மதியத்தில் ஒட்ட வேண்டும். அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்த வகை அக்ரிலிக் டேப் முழுப் பிடிமானத்துக்கு வர 72 மணி நேரம் ஆகும்; அதுவரை கார்வாஷ் பக்கம் போகாதீர்கள். பின்னாளில் எடுக்க வேண்டுமானால் கொஞ்சம் சூடு காட்டி, மீன்பிடி நரம்பைப் பின்னால் விட்டு அறுத்தால் பெயின்ட் தப்பும். பலம் பிடித்து இழுத்தால் தப்பாது.

வினைல் பிளேட்

கலிபோர்னியாவில் முன்பக்கத்துக்கு மட்டும் இப்படி ஒரு வழி சட்டப்படி உண்டு: டிஎம்வி அங்கீகரித்த, ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் பிளேட். தட்டையாக பம்பர் வளைவிலேயே ஒட்டிவிடலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் வாங்கியதாக மட்டுமே இருக்க வேண்டும். ஆபீஸ் பிரின்டரில் நம்பரை அடித்து ஒட்டிக்கொள்கிற புத்திசாலித்தனம், பிளேட் இல்லாததைவிடப் பெரிய வம்பு. மாநிலத்தை விட்டு அதிகம் வெளியே போகாதவர்கள், அழகைக் கைவிட மனமில்லாதவர்கள் பார்க்கலாம். ரிமோட்டில் மடங்கும், மறையும் பிளேட் பற்றி யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

டிக்கெட் கைக்கு வந்துவிட்டால்

மூன்று வழி: சரிசெய்வது, எதிர்த்து வாதாடுவது, பேசாமல் விடுவது.

முதல் வழிக்கு நிகராக மற்ற இரண்டும் வராது. பிளேட்டை மாட்டி, வண்டியை ஒரு போலீஸ் நிலையத்துக்கோ ஹைவே பேட்ரோல் அலுவலகத்துக்கோ கொண்டுபோய், டிக்கெட்டில் திருத்தச் சான்று பகுதியில் கையெழுத்து வாங்குங்கள். வேறு ஊர் போலீஸ் எழுதிய டிக்கெட்டுக்குச் சில நிலையங்களில் சின்னக் கட்டணம் கேட்பார்கள். போகும் முன் ஒரு போன் போட்டால் போதும். பிறகு 25 டாலரோடு அந்தச் சான்றை, டிக்கெட்டில் உள்ள தேதிக்குள் கோர்ட்டில் சேர்க்க வேண்டும். கையெழுத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்து காகிதத்தை வீட்டு மேஜையில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோர்ட்டிலிருந்து தபால் வரவில்லை என்பதும் சாக்காகாது.

வாதாடலாம், உங்கள் வண்டியில் பிளேட் இருந்து அவர் கவனிக்கவில்லை என்றால். மற்றபடி லீவு போட்டுப் போய்ச் சொல்ல என்ன இருக்கிறது?

பேசாமல் விடுவது மட்டும் கூடவே கூடாது. குறிப்பிட்ட தேதியில் ஆஜராகத் தவறினால் அது பிரிவு 40508ன்படி தனிக் குற்றம், மிஸ்டிமீனர் என்ற சிறு கிரிமினல் குற்ற வகை. அபராதத்தின் மேல் 100 டாலர் வரை கூடுதலாகவும் ஏற்றலாம். விசாவிலும் கிரீன் கார்டு வரிசையிலும் நிற்கும் நம்மவர்களுக்கு இது வெறும் காசு விஷயம் அல்ல. ஐநூறு டாலருக்குக் கீழே அபராதத்தோடு முடிந்த சாதாரண டிராஃபிக் டிக்கெட்டுக்கு, கைது இல்லையென்றால், குடியேற்றப் படிவங்கள் ஆவணம் கேட்பதில்லை. ஆஜராகாத குற்றம் அந்தச் சலுகைக்குள் அடங்குமா என்று வக்கீலுக்குக் காசு கொடுத்துக் கேட்கும் நிலைக்கு, ஒரு தகட்டுக்காகப் போக வேண்டுமா?

வேறு மாநிலம் என்றால்

டாலஸ் பக்கம், ஃப்ரிஸ்கோ, பிளேனோவில் இருப்பவர்களுக்கு டெக்சாஸ் கணக்கு: அபராதம் 200 டாலர் வரை. முதல் ஆஜர் தேதிக்கு முன்பே சரிசெய்து, 10 டாலருக்கு மிகாத நிர்வாகக் கட்டணம் கட்டினால் நீதிபதி தள்ளுபடி செய்யலாம். "செய்யலாம்" என்பதுதான் சட்டத்தின் சொல், செய்தாக வேண்டும் என்றில்லை. ஒஹையோ 2020 ஜூலையில் முன் பிளேட்டையே கைவிட்டது, யூட்டா 2025 ஜனவரியில். ஜார்ஜியா, வட கரோலைனா, பென்சில்வேனியா, மிஷிகன் எல்லாம் ஏற்கெனவே பின் பிளேட் மட்டும்தான்.

அங்கிருந்து ஒற்றைப் பிளேட்டோடு கலிபோர்னியாவுக்குச் சுற்றிப் பார்க்க வந்தால் பிரச்சினையில்லை, உங்கள் மாநிலம் கொடுத்தது அவ்வளவுதான். வேலை மாறி இங்கேயே குடிவந்தால் 20 நாளுக்குள் வண்டியை இங்கே பதிய வேண்டும். டிஎம்வி கவரில் இரண்டு பிளேட் இருக்கும். இரண்டாவதை கராஜ் அலமாரியில் வைத்துவிடாதீர்கள், அன்றைக்கே அந்த ஒட்டும் பிராக்கெட்டையும் ஆர்டர் போட்டுவிடுங்கள்.