பேனா வைப்ரேஷன் மீட்டர்: ப்ளோயருக்குப் போதும், ஐஸ் பேக்டரிக்குப் போதாது

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா வடிவ வைப்ரேஷன் மீட்டரை புதுச்சேரி, கடலூர் பக்கத்துச் சிறு ஆலைகள் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். எந்த மெஷினில் அது உண்மை பேசும், எதில் பொய் சொல்லும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முனையில் அதிர்வை மின்சைகையாக மாற்றும் ஒரு பீஸோ படிகம், திரையில் அதிர்வு வேகம் மி.மீ./வினாடியில். இந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு இத்தனை அதிர்வு) வரைதான் பார்க்கும். சேதராப்பட்டிலோ கடலூர் சிப்காட்டிலோ 1480 ஆர்பிஎம்மில் ஓடும் 30 ஹெச்பி ப்ளோயருக்கு இது கச்சிதம். கான்கிரீட் பெட்டில் இறுக்கமாக உட்கார்ந்த 15 முதல் 300 கிலோவாட் மெஷின்களுக்கு ஐஎஸ்ஓ 20816-3 என்ற சர்வதேசத் தர விதி சொல்லும் எல்லைகள் 1.4, 2.8, 4.5 மி.மீ./வினாடி. முதல் எல்லைக்குள் இருந்தால் புது மெஷின் மாதிரி. 2.8 வரை நிம்மதியாக ஓட்டலாம். அதைத் தாண்டினால் ஷட்டவுனுக்குத் தேதி குறிக்க வேண்டும். 4.5-க்கு மேல் ஓட்டுவது பேரிங்கைப் பணயம் வைப்பது. இரும்பு ஃப்ரேம் மீதோ ஸ்பிரிங் மீதோ நிற்கும் மெஷினுக்கு இதே எல்லைகள் 2.3, 4.5, 7.1 ஆகிவிடும். பம்ப்புக்கு அட்டவணையே வேறு, ஐஎஸ்ஓ 10816-7. எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை, மஞ்சள், சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தரும் விற்பனையாளர்களை நம்ப வேண்டாம்.

ரீடிங் தப்பாவதற்குக் கருவியைவிடக் கைதான் அதிகம் காரணம். மோட்டாரின் பின்பக்கத் தகட்டு மூடியில் முனையை வைத்தால் எண் எகிறும். ஆடுவது தகடு, பேரிங் அல்ல. பேரிங் ஹவுசிங்கின் (பேரிங் உட்காரும் கூட்டின்) கெட்டியான பகுதியில், அந்தப் பரப்புக்கு நேர்க்குத்தாக, ஒரே அழுத்தத்தில் பிடிக்க வேண்டும். உப்புக் காற்றில் நம் ஹவுசிங்குகளில் துருச் செதில் படிந்திருக்கும். ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டி, சென்டர் பஞ்ச்சால் ஒரு புள்ளி அடித்து, எப்போதும் அதே புள்ளியில் எடுங்கள். காந்த அடி பொருத்தும் வசதியுள்ள மாடல் கிடைத்தால் அதுவே மேல். கிடைமட்டம், செங்குத்து, அச்சுத் திசை (ஷாஃப்ட்டின் நீளவாக்கு) மூன்றும் தேவை. அச்சுத் திசை ரீடிங் கிடைமட்டத்தில் பாதியைத் தாண்டினால் முதலில் கப்ளிங் அலைன்மென்ட்டை (இரு ஷாஃப்ட்டும் நேர்கோட்டில் இருக்கிறதா என்பதை) சந்தேகிக்கலாம். செங்குத்து ரீடிங் கிடைமட்டத்தைவிடக் கூடினால் ஃபவுண்டேஷன் போல்ட்டையும் சாஃப்ட் ஃபுட்டையும் (ஒரு கால் பெட்டில் சரியாகப் படியாமல் இருப்பதையும்) பாருங்கள். மெஷினை நிறுத்தி, மோட்டார் காலில் டயல் கேஜ் வைத்து ஒரு போல்ட்டைத் தளர்த்தும்போது 0.05 மி.மீ.க்கு மேல் எழும்பினால் காலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) போட வேண்டும்.

பேனா தடுமாறும் இடங்களும் உண்டு. கூலிங் டவர் ஃபேன் 300 ஆர்பிஎம்மில் சுற்றினால் அது 5 ஹெர்ட்ஸ், கருவியின் கீழ் எல்லைக்கும் கீழே. ஃபேன் கண்ணெதிரே ஆடும்போதும் திரை சாதுவாக ஒரு சின்ன எண்ணைக் காட்டும். கெமிக்கல் ஆலைகளின் மெதுவான அஜிடேட்டருக்கும் (கலக்கும் மெஷினுக்கும்) இதே கதி. பழைய துறைமுகப் பக்கத்து ஐஸ் பேக்டரிகளில் ஓடும் பிஸ்டன் கம்ப்ரசர் இயல்பிலேயே அதிகம் அதிரும். மேலே சொன்ன எல்லைகளை அதன்மேல் பொருத்தினால் நல்ல மெஷினைத்தான் பிரித்துப் போடுவீர்கள்.

காய்ச்சல் இருக்கிறதா என்று பேனா சொல்லும், என்ன காய்ச்சல் என்று சொல்லாது. 1480 ஆர்பிஎம்மில் 6205 என்ற எண்ணுள்ள பேரிங்கின் வெளி வளையம் அடிபட்டால் 88 ஹெர்ட்ஸிலும், உள் வளையம் அடிபட்டால் 134 ஹெர்ட்ஸிலும் தட்டும். பேனா இவற்றையெல்லாம் ஒரே எண்ணாகக் குழைத்துவிடும். பிரித்துப் பார்க்க, அதிர்வை ஹெர்ட்ஸ் வாரியாகக் காட்டும் எஃப்எஃப்டி அனலைசர் வேண்டும். அதைச் சொந்தமாக வாங்குவதைவிட, தேவைப்படும்போது சர்வீஸ்காரரைக் கூப்பிடுவதே சின்ன ஆலைக்குக் கட்டுப்படியாகும்.

அப்படி பேலன்சிங்குக்கு ஆள் வந்தால், முதலில் இம்பெல்லரை (ப்ளோயரின் சுழலும் சக்கரத்தை) சுத்தமாகச் சுரண்டச் சொல்லுங்கள். ஒட்டிய தூசியோடு எடை பற்றவைத்தால், தூசி உதிர்ந்த அன்றே பழைய ஆட்டம் திரும்பும். சோதனை எடை போட்டதும் ரீடிங் 30 சதவீதமோ ஃபேஸ் (அதிர்வு உச்சத்தைத் தொடும் கோணம்) 30 டிகிரியோ மாற வேண்டும்; இரண்டும் அசையாவிட்டால் அந்தக் கணக்கு நம்பத்தக்கதல்ல. 60 கிலோ இம்பெல்லர் 1480 ஆர்பிஎம்மில் ஜி 6.3 என்ற பேலன்சிங் தரத்துக்கு வர, 300 மி.மீ. ஆரத்தில் மிச்சமிருக்கும் எடை வித்தியாசம் 8 கிராமுக்குள் இருக்க வேண்டும். "பரவாயில்ல சார், ஸ்மூத்தா ஓடுது" என்பது ரிப்போர்ட் ஆகாது. விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) உள்ள ப்ளோயர் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் குலுங்கினால் அது ரெசொனன்ஸ், அதாவது மெஷினின் இயல்பு அதிர்வோடு அந்த வேகம் ஒத்துப்போவது. டிரைவில் அந்த வேகத்தைத் தாண்டிப் போகும்படி செட் செய்தாலே பல நேரம் போதும்.

கடையில் பார்க்க வேண்டியவை: வேகம் ஆர்எம்எஸ்ஸா (ஒருவகைச் சராசரி) பீக்கா (உச்சம்) என்று மேனுவலில் தெளிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் சீரான அதிர்வில் 4.5 ஆர்எம்எஸ் என்பது 6.4 பீக். பட்டன் செல்லைவிட டிரிபிள் ஏ பேட்டரி மாடல் வசதி. காலிபரேஷன் ஷேக்கரில் (அளவு தெரிந்த அதிர்வைத் தரும் கருவியில்) வைத்துக் காட்டச் சொல்லுங்கள்: 159.2 ஹெர்ட்ஸில் 10 மீ/வி² கொடுத்தால் திரையில் 10 மி.மீ./வினாடி வர வேண்டும். ஷேக்கர் இல்லை என்றால் என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகரித்த லேப்பின் சான்றிதழ் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.